ஊறிய தட்டு: மாட்டு வாலில் நடந்த ஒரு சுமைச் சோதனையும் ஒரு பீலிக்கரையும்

இது 2022-ஆம் ஆண்டில் இலங்கையின் மலையகத்தில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில், முள்ளந்தண்டென்புகளுக்கு நடுவிலுள்ள தட்டை (டிஸ்க்) சுமை என்ன செய்கிறது என்று அளந்த இறுதியாண்டுச் செயற்றிட்டம் ஒன்றின் பதிவு. நான் அதன் துணை மேற்பார்வையாளர். மாணவி, அவரது தாயார், தோட்டம், நிறுவனம் எதன் பெயரும் இங்கில்லை. நாங்கள் விட்ட பிழைகளை விட்டபடியே எழுதியிருக்கிறேன். இதே சோதனையைக் குறைந்த வசதியோடு செய்ய முயல்பவர்களுக்கு எங்கள் முடிவுகளைவிடப் பிழைகளே கூடுதலாக உதவும் என்று நினைக்கிறேன்.

பின்னணி

மாணவி ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் (தொழிலாளர் வரிசைவீட்டில்) வளர்ந்தவர். தாயார் இருபத்தாறு வருடமாகக் கொழுந்தெடுப்பவர். அவருடைய இடுப்பு வலிக்கு எடுத்த எக்ஸ்ரே படத்தைப் பார்த்து யாரோ "தட்டு தேய்ஞ்சிருக்கு" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. தேய்ந்தது என்றால் செருப்பு தேய்வதுபோல, இனி வளராது, ஒருநாள் முடிந்துபோகும் என்றே எல்லோரும் விளங்கிக்கொண்டார்கள்.

செயற்றிட்டத் தலைப்புக் கேட்டபோது மாணவி சொன்னது இது: "சேர், எங்கம்மா கூடைய தலையில மாட்டிக்கிட்டு நாள் முழுக்க நிக்கிறாங்க. அந்தப் பாரம் தட்டை என்ன செய்யும்னு அளந்து பாக்கணும்." தோட்டத்தில் ஒரு "பேருக்கு", அதாவது ஒரு முழுநாள் சம்பளத்துக்கு, 18 கிலோ கொழுந்து. மடுவத்தில் (கொழுந்து நிறுக்கும் கொட்டகையில்) நிறுத்துவிட்டு மறுபடி மலைக்கு ஏறுவார்கள். கயிறு உச்சந்தலையில், கூடை முதுகில், உடம்பு சற்று முன்சாய்ந்து. இந்தக் காட்சியே அவருடைய கருதுகோள்: நீண்டநேரம் தொடரும் நிலையான சுமைதான் குற்றவாளி.

நான் அதை ஏற்றுக்கொண்டேன். தாயாரிடம் ஒருமுறை பேசிப் பார்க்கலாமே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. ஆய்வுகூடக்காரனுக்கு வலி ஒரு தூண்டுகோல் மட்டும்தான். தரவு இயந்திரத்திலிருந்து வருவது.

தட்டு என்றால் என்ன

பின்னால் வருவது விளங்க இதைச் சொல்லவேண்டும். இரண்டு முள்ளந்தண்டென்புகளுக்கு நடுவே உள்ள தட்டை றப்பர் வாஷர் என்று நினைத்துக்கொள்பவர்கள் பொறியியல் பீடத்திலும் உண்டு. நடுவில் இருப்பது கூழ். அதில் பெரும்பங்கு தண்ணீர். அந்தக் கூழிலுள்ள புரதச்சர்க்கரை மூலக்கூறுகள் எதிர்மின்னேற்றம் கொண்டவை. அவை சோடியத்தை இழுத்துப் பிடிக்க, சோடியத்தின் பின்னால் தண்ணீர் வருகிறது. சுற்றிலும் வளைய நார், மனிதரில் 15 முதல் 25 அடுக்கு. ஒவ்வோர் அடுக்கின் இழைகளும் கிடையிலிருந்து ஏறத்தாழ 30 பாகை சரிந்து, அடுத்த அடுக்கில் எதிர்ப்பக்கம் சரியும். பாய் பின்னியதுபோல. மேலும் கீழும் மெல்லிய குருத்தெலும்பு முனைத்தட்டுகள். வளர்ந்தவர்களில் தட்டுக்குள் இரத்தக்குழாய் ஏறக்குறைய இல்லை. சாப்பாடும் கழிவும் பெரும்பாலும் அந்த முனைத்தட்டு வழியே ஊறித்தான் போகவரவேண்டும்.

சுமை வந்தால் தண்ணீர் மெல்ல வெளியேறும். சுமை குறைந்தால் திரும்ப ஊறும். பகலில் மனிதர் தம் உயரத்தில் ஏறத்தாழ 1 சதவீதம் குறைந்து, இரவில் படுத்து மீட்டெடுக்கிறார்கள். ஆகவே மாறாத சுமை வைத்தாலும் தட்டின் உயரம் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் சட்டென்று ஓர் இறக்கம், பிறகு மணிக்கணக்கில் மெல்லிய இறக்கம். இதை ஊர்வு என்கிறோம். மாணவி அளக்க நினைத்தது இந்த ஊர்வைத்தான்.

மாதிரியும் கருவியும்

மனிதத் தட்டு எங்களுக்குக் கிடைக்காது. மாட்டு வாலின் அடிப்பகுதித் தட்டுகளை உலகெங்கும் ஆய்வுகூடங்கள் பதிலியாகப் பயன்படுத்துகின்றன. வட்டமானவை, அளவிடச் சுலபம், ஒரே வாலில் நாலைந்து கிடைக்கும். நாற்கால் பிராணியின் வால் சுமை தாங்காதே என்று கேட்பார்கள். தசையும் தசைநாணும் இழுத்துக்கொண்டே இருப்பதால் வால் தட்டும் உயிரோடிருக்கும்வரை முழுக்கச் சுமையற்று இருப்பதில்லை. இந்த வாக்கியத்தை அப்போதே நான் ஆழமாக யோசித்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாயிருக்கும்.

இறைச்சிக்கடையில் சூப்புக்கு விற்கும் வால்தான் வாங்கினோம். மாணவியின் வீட்டில் மாட்டிறைச்சி புழங்குவதில்லை. "ஆட்டு எலும்புல செய்யிறோம்னு சொல்லியிருக்கேன் சேர்" என்றார். செயற்றிட்ட அறிக்கை வீட்டுக்குப் போனபோது அட்டைப்படத்தில் மாட்டு வால் இருந்தது. அது வேறு கதை.

எங்கள் சோதனை இயந்திரம் இரும்புக்கம்பியையும் கொங்கிறீட்டையும் நசுக்குவதற்கானது. அதன் லோட் செல் (விசையை அளக்கும் உணரி) 100 கிலோநியூட்டனுக்கானது. எங்களுக்குத் தேவைப்பட்டதோ சில நூறு நியூட்டன். யானைத் தராசில் மஞ்சாடி நிறுப்பதுபோல. அத்தோடு நாட்டில் மின்வெட்டு. மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை வெட்டினார்கள். எட்டு மணிநேரம் சுமையைப் பிடித்துக்கொண்டிருக்க மின்சாரத்தை நம்பமுடியாது.

அதனால் நெம்புகோல் செய்தோம். ஒன்றுக்கு ஐந்து விகிதம். பழைய இரும்புக் கடையில் வாங்கிய வார்ப்பிரும்பு எடைக்கற்களை இரசாயனப் பீடத்துத் தராசில் நிறுத்து, பொறித்த எடையை நம்பாமல் உண்மை எடையைப் பெயின்ரால் எழுதினோம். தட்டின் விட்டம் 25 மில்லிமீற்றர் என்றால் பரப்பு 491 சதுர மில்லிமீற்றர். தொங்கலில் 5 கிலோ வைத்தால் தட்டின் மேல் 245 நியூட்டன், அதாவது 0.5 மெகாபாஸ்கல் அழுத்தம். மின்சாரம் போனாலும் புவியீர்ப்பு போகாது. உயரமாற்றத்தை 0.01 மில்லிமீற்றர் டயல் கேஜ் காட்டியது. எலும்பு–தட்டு–எலும்பு என வெட்டியெடுத்த துண்டின் இரு முனைகளையும் பல் வைத்தியத்துக்கான அக்ரிலிக்கில் பதித்தோம். அக்ரிலிக் இறுகும்போது சூடாகும். அந்த நேரம் ஈரத் துணி சுற்றாமல் விட்ட இரண்டு துண்டுகளைப் பின்னர் எறியவேண்டி வந்தது.

முதல் தொடர்

மூன்று வால்கள், பதினைந்து துண்டுகள். வெட்டியெடுத்து உறைய வைத்து, சோதனைக்கு முதல்நாள் இரவு சேலைன் நீரில் போட்டுவிடுவோம். காலையில் ஒவ்வொன்றாக நெம்புகோலில் ஏற்றி, ஒரு மணிநேரம் 5 கிலோ. வாலின் அடியிலிருந்து நுனிநோக்கி ஒழுங்காக, 1, 2, 3 என்று.

ஏன் 0.5 மெகாபாஸ்கல்? சுவீடனில் நாகெம்சன் 1960-களில் உயிருள்ள மனிதரின் தட்டுக்குள் ஊசி செலுத்தி அழுத்தம் அளந்தார். 1999-இல் ஜெர்மனியில் வில்கெயும் குழுவினரும் ஒரே ஒரு தன்னார்வலரின் இடுப்புத் தட்டில் உணரி பொருத்தி நாளாந்த வேலைகளின்போது அளந்தார்கள். படுத்திருக்கையில் 0.1, நிற்கையில் 0.5, 20 கிலோவை உடம்போடு அணைத்துப் பிடிக்கையில் 1.1 மெகாபாஸ்கல். நிற்கும் அளவை அப்படியே எடுத்துச் சுமையைப் பரப்பால் வகுத்த அழுத்தத்தோடு சமன்படுத்திவிட்டோம். அது பிழை. கூழுக்குள் உள்ள அழுத்தம், சுமையைப் பரப்பால் வகுத்து வருவதைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. நாகெம்சன் காலத்திலிருந்தே தெரிந்த விஷயம். சரியாகச் செய்திருந்தால் 5 கிலோவுக்குப் பதில் 3.3 கிலோவே போதும். நிற்பதைச் சோதிக்கிறோம் என்று நினைத்து, அதைப்போல ஒன்றரை மடங்கு சுமத்தியிருந்தோம்.

இந்தப் பிழை பெரிதல்ல. கணக்கைத் திருத்தினால் போயிற்று. கவனத்தை இழுத்தது வேறொன்று. வாலின் அடித்தட்டு குறைவாக ஊர்ந்தது, நுனிநோக்கிப் போகப்போக ஊர்வு கூடியது. மூன்று வால்களிலும் அதே போக்கு. மாணவி அழகான வரைபு போட்டு, "நுனித்தட்டு சிறியது, நார் அடுக்குக் குறைவு, அதனால் கூடுதலாக அமுங்குகிறது" என்று எழுதினார். நானும் தலையாட்டினேன். மூன்று வால்களும் ஒரே கதையைச் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வரும்?

மின்வெட்டு நாள்

நான்காவது வாலின் இரண்டு தட்டுகளைச் சோதித்து முடித்தபோது மின்சாரம் போயிற்று. எங்கள் அறைக்குச் சன்னலில்லை. நெம்புகோலுக்கு மின்சாரம் தேவையில்லை என்று பெருமைப்பட்டோம், டயல் கேஜைப் பார்ப்பதற்கு வெளிச்சம் தேவை என்பதை மறந்துவிட்டோம். கைபேசி வெளிச்சத்தில் சிறிதுநேரம் பார்த்தோம், பற்றரி தீர்ந்தது. பஸ்ஸுக்கு டீசல் இல்லாத நாட்கள், மாணவி கிடைத்த பஸ்ஸில் விடுதிக்குப் போகவேண்டும். மிச்சம் மூன்று துண்டுகளும் சேலைனிலேயே கிடந்தன.

மறுநாள் காலை அவற்றைச் சோதித்தபோது ஊர்வு முந்தைய எந்தத் துண்டையும்விடக் கூடுதலாக இருந்தது. மூன்றாவது தட்டு வாலின் நடுவிலுள்ளது, நுனியிலல்ல. அது முந்தைய வால்களின் நுனித்தட்டுகளையே மிஞ்சியது.

மாணவி குறிப்புப் புத்தகத்தில் "பழுதாகியிருக்கலாம், தள்ளிவிடலாமா?" என்று எழுதியிருந்தார். அந்தக் கேள்விக்குறியைத்தான் நான் இந்தச் செயற்றிட்டத்தின் மிகப் பயனுள்ள எழுத்து என்று சொல்வேன். தள்ளியிருந்தால் பிழையோடேயே முடித்திருப்போம்.

ஐந்தாவது வாலை வாங்கி, நுனியிலிருந்து அடிநோக்கிச் சோதித்தோம். இப்போது அடித்தட்டு கூடுதலாக ஊர்ந்தது. போக்கு தலைகீழாகிவிட்டது. இடம் காரணமல்ல, வரிசை காரணம். கடைசியாகச் சோதிக்கும் துண்டு நாலைந்து மணிநேரம் கூடுதலாகச் சேலைனில் கிடக்கிறது. சுமையே இல்லாமல் கிடப்பதால் உயிரில் ஒருபோதும் ஊறாத அளவுக்கு ஊறிவிடுகிறது. அந்தத் தண்ணீரைச் சுமை வெளியேற்றும்போது அதை நாங்கள் தட்டின் இயல்பு என்று பதிந்துகொண்டிருந்தோம். தட்டு வாலில் இருந்த இடத்தையும் ஊறிய நேரத்தையும் பிரிக்கமுடியாதபடி பின்னிவிட்டது எங்கள் ஒழுங்குப் பழக்கம்.

எடுத்த முடிவுகள்

முதல் தொடரின் பதினைந்து அளவீடுகளையும் முடிவாகக் கொள்வதில்லை. ஆனால் அழிப்பதுமில்லை, பின்னிணைப்பில் அப்படியே போடுவது. மாணவிக்கு இதில் மனக்கசப்பு. ஆறு வாரம் வேலை, அறிக்கைத் திகதி நெருங்குகிறது. பரீட்சகர் குறையாகப் பார்ப்பார் என்று பயந்தார். நான் வற்புறுத்தினேன். மறைத்துவிட்டு நல்ல தொடரை மட்டும் காட்டினால், அடுத்த ஆண்டு இன்னொருவர் அதே சேலைன் பாத்திரத்தில் தட்டை மிதக்க விடுவார்.

இரண்டாவது, ஒவ்வொரு துண்டும் சோதனைக்கு முன் நெம்புகோலின் கீழ் ஓர் இரவு கழிக்கவேண்டும். படுத்திருக்கும் மனிதரின் 0.1 மெகாபாஸ்கல் உள்ளழுத்தத்தை ஒன்றரையால் வகுத்தால் தொங்கலில் 0.7 கிலோ வருகிறது. ஒரே நெம்புகோல் போதாது. மரப்பட்டறைத் தொழிலாளி ஒருவர் இன்னும் மூன்று செய்து தந்தார். சுமையோடு ஊறும்போது தட்டு தன் மட்டத்தைக் கண்டுகொண்டு நின்றுவிடுகிறது. டயல் கேஜ் முள் அசையாமல் நிற்பதைக் காலையில் பார்த்த பிறகே சோதனை தொடங்கும்.

மூன்றாவது, சோதனை வரிசையைக் குலுக்கல் சீட்டில் தீர்மானிப்பது.

நான்காவது, உறைபெட்டி. மின்வெட்டில் அது எத்தனை முறை உருகி மீண்டும் உறைந்தது என்று எங்களிடம் கணக்கில்லை. ஒருமுறை உறைய வைப்பது தட்டின் இயந்திரப் பண்பைப் பெரிதாகக் கெடுப்பதில்லை என்பது பொதுவாக ஏற்றுக்கொள்ளப்பட்டது. பலமுறை உருகியதற்கு அந்த உறுதி பொருந்தாது. உறைபெட்டியிலிருந்த மிச்ச வால்களை எறிந்துவிட்டு, கடையில் காலையில் வாங்கி அன்றே பதிப்பது என்று முடிவெடுத்தோம். விலைப்படி பார்த்தால் அன்றைக்கு இதுதான் வலித்த முடிவு.

பீலிக்கரை

இந்த இடைவெளியில்தான் மாணவி வீட்டுக்குப் போய்வந்தார். ஊறுதல் பற்றித் தாயாரிடம் சொல்லியிருக்கிறார்: இரவெல்லாம் படுத்தால் தட்டு தண்ணீர் குடித்து உப்பும், பகலில் வடியும். தாயார் கேட்டுவிட்டுச் சொன்னாராம்: "அப்ப வெடியக்காலையில இருக்கிற மாதிரியா? எனக்கு இடுப்புப் புடிக்கிறது மலையில இல்ல புள்ள. காலையில பீலியில கேனத் தூக்கயிலதான். மலைக்குப் போயி ஒரு மணி நேரம் நடந்தா சரியாப் போயிடும்."

இருபத்தாறு வருடக் கூடையைப் பற்றித்தான் நாங்கள் ஆறு வாரம் அளந்துகொண்டிருந்தோம். அவருடைய வலி அதிகாலை ஐந்து மணிக்கு, பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்துக்கு) போகும் முன், பீலியில், அதாவது லயத்தார் தண்ணீர் பிடிக்கும் இடத்தில், 20 லீற்றர் கேனைக் குனிந்து தூக்கும் கணத்தில் இருந்தது. கேட்டிருந்தால் முதல்நாளே சொல்லியிருப்பார். யாரும் கேட்கவில்லை. வைத்தியசாலையிலும் "என்ன வேலை?" என்றுதான் கேட்டார்களாம். கொழுந்து என்றதும் எழுதிக்கொண்டார்கள். தண்ணீர் எடுப்பதை அவரே வேலை என்று எண்ணியதில்லை.

20 லீற்றர் தண்ணீர் என்றால் 20 கிலோ. வில்கெயின் அளவீட்டில் தற்செயலாக அதே எடை இருக்கிறது: முதுகை வளைத்து 20 கிலோ தூக்குகையில் 2.3 மெகாபாஸ்கல், முழங்கால் மடக்கித் தூக்குகையில் 1.7. அதே ஆய்வில், இரவு ஏழு மணிநேரத்தில் படுத்திருந்தபடியே தட்டின் அழுத்தம் 0.1-இலிருந்து 0.24-க்கு ஏறியது. தண்ணீர் ஊறியதன் அடையாளம் அது. 1987-இல் அடம்ஸ், டோலன், ஹட்டன் மூவரும், அதிகாலையில் முன்குனியும்போது தட்டின் மீதான வளைவுத் தகைப்பு பகலில் இருப்பதைவிட ஏறத்தாழ 300 சதவீதம் கூடுதல், பின்புறத் தசைநார்களில் 80 சதவீதம் கூடுதல் என்று கணித்தார்கள். உப்பிய தட்டு வளைய மறுக்கிறது. மறுப்பதை வளைத்தால் பின்பக்க நார் இழுபடுகிறது.

எங்கள் சேலைன் பாத்திரத்தின் பிழையும் அந்தப் பீலிக்கரையும் ஒரே விஷயத்தின் இரண்டு முகம் என்று அன்றைக்குத்தான் விளங்கிற்று. ஆய்வுகூடத்தில் அளவு மீறிப் போனது, அவ்வளவுதான்.

இரண்டாம் தொடர்

கேள்வியை மாற்றினோம். எவ்வளவு அமுங்குகிறது என்பதோடு, இரவு ஊறிய தட்டும் பகல்சுமை கண்ட தட்டும் வளைக்கும்போது எப்படி வேறுபடுகின்றன என்பதையும் பார்ப்பது. நான்கு வால்கள்; சூட்டில் கெட்ட இரண்டு போக பதினெட்டுத் துண்டுகள்.

ஓர் இரவு 0.7 கிலோ. காலையில் மேல் எலும்பில் பக்கக் கம்பி பொருத்தி, மையத்திலிருந்து 100 மில்லிமீற்றரில் அரைக்கிலோ தொங்கவிட்டால் 0.49 நியூட்டன் மீற்றர் திருப்பம். கோணத்தை அளக்கக் கருவியில்லை. விரிவுரைக்குப் பயன்படும் லேசர்ப் பேனையைக் கம்பியில் கட்டி, இரண்டு மீற்றருக்கு அப்பால் சுவரில் வரைபுத்தாள் ஒட்டினோம். ஒரு பாகை திரும்பினால் ஒளிப்பொட்டு ஏறத்தாழ 35 மில்லிமீற்றர் நகரும். இருட்டறை இதற்கு வாய்ப்பாகப் போயிற்று. பிறகு 3.3 கிலோ எட்டு மணிநேரம், இடையிடையே கூடுதல் சுமை. மாலையில் மறுபடி அதே வளைப்பு. எல்லா நேரமும் சேலைன் நனைத்த துணி சுற்றியபடி.

காலையில் ஒளிப்பொட்டு குறைவாக நகர்ந்தது, மாலையில் கூடுதலாக. பதினெட்டில் பதினாறு துண்டுகளில் இந்தத் திசை தெளிவு. இரண்டில் வேறுபாடு வாசிப்புப் பிழைக்குள் அடங்கிவிட்டது. திசை மட்டும்தான் சொல்கிறேன். அளவைச் சொல்லத் தயங்குவதற்குக் காரணம், சோதனை 24 பாகை அறையில் நடந்தது. 37 பாகையில் தண்ணீரின் பிசுக்குமை 0.69 மில்லிபாஸ்கல் செக்கன், 24 பாகையில் 0.91. எங்கள் தட்டிலிருந்து தண்ணீர் உடம்பில் போவதைவிட மெதுவாகவே வடிந்திருக்கும்.

இன்னொரு சிக்கல் எழுந்தது. மாலையில் சுமையை இறக்கி மீண்டும் 0.7 கிலோவில் ஓர் இரவு விட்டால், மறுநாள் காலை உயரம் முழுக்கத் திரும்பவில்லை. மாணவியின் முதல் வரைவில் ஒரு வாக்கியம்: "தொழிலாளரின் இரவு ஓய்வு தட்டு மீள்வதற்குப் போதாது என்பது இதனால் நிரூபணமாகிறது." விடுதித் தோழர்கள் சிலர் அதைப் படமெடுத்துப் பகிரத் தயாராயிருந்தார்கள். நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனதற்குப் பின் பல தோட்டங்களில் கிலோ கூட்டிக் கேட்கிறார்கள் என்ற கோபம் நிலவிய காலம். கோபத்தில் நியாயமும் உண்டு.

அந்த வாக்கியத்தை வெட்டினேன். உயிரற்ற தட்டு மீள்வதில் தாமதிப்பதும் குறைவாக மீள்வதும் பலருடைய ஆய்வுகூடத்திலும் கண்ட விஷயம். வெட்டியபின் முனைத்தட்டை ஒட்டிய எலும்பின் நுண்குழாய்களில் இரத்தம் உறைந்து அடைத்துவிடும். தண்ணீர் திரும்பும் வழி குறுகும். எங்கள் மாதிரியின் பிழையை மனித உடம்பின் விதியாக்கினால், நாளைக்கு எதிர்த்தரப்பின் நிபுணர் ஒருவர் ஐந்து நிமிடத்தில் அதை உடைப்பார்; அதோடு சேர்ந்து நியாயமான கோரிக்கையும் அடிபடும். மாணவி இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் துண்டு ஒன்றை நெடுக்காக அறுத்து, எலும்புக்குள் கறுத்த புள்ளிகளை உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, தானே பந்தியை மாற்றி எழுதினார்.

தொடர்ந்தது

அறிக்கை ஏற்றுக்கொள்ளப்பட்டது. வாய்மொழிப் பரீட்சையில் கேள்விகளில் பெரும்பங்கு பின்னிணைப்பிலிருந்த முதல் தொடரைப் பற்றியே வந்தது. மாணவி தடுமாறாமல் சொன்னார். குறை காட்டுவார்கள் என்று அவர் பயந்த இடத்திலேயே புள்ளி கிடைத்தது.

தாயார் விஷயத்தில் நாங்கள் வைத்தியம் சொல்லவில்லை. சொல்லும் தகுதியும் இல்லை. மாட்டு வாலின் நார் பற்றி அறிந்ததை ஒருவருடைய வலிக்கு நேரே பொருத்தக் கூடாது. வலி இல்லாதவர்களின் ஸ்கேனிலேயே தட்டு மாற்றம் பரவலாகக் காணப்படுகிறது. 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்த வலியுமில்லாத இருபது வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் எண்பது வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் தட்டுச் சிதைவு தெரிந்தது. "தேய்ஞ்சிருக்கு" என்ற சொல் தாயாரைப் படுத்திய பாட்டுக்கு இதுவே மாற்று மருந்து என்று எண்ணி, மாணவியிடம் இதை வீட்டில் சொல்லச் சொன்னேன். எக்ஸ்ரே படத்தைத் தாயார் பிறகு றங்குப்பெட்டியின் அடியில் வைத்துவிட்டாராம்.

கிளினிக்கிலுள்ள உடற்பயிற்சிச் சிகிச்சையாளரிடம் மாணவி தாயாரை அழைத்துப் போனபோது, இம்முறை காலைத் தண்ணீரைப் பற்றியும் சொன்னார்கள். அவர் கால் மரத்துப்போகிறதா, பாதம் இழுக்கிறதா, உட்காரும் பகுதியில் உணர்ச்சி குறைகிறதா, சிறுநீர் கட்டுப்பாடு தவறுகிறதா என்று விசாரித்தார். இவற்றில் ஏதாவது வந்தால் அன்றே வைத்தியசாலைக்கு வரவேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். எதுவுமில்லை. எழுந்தவுடன் குனியும் வேலையைச் சிறிதுநேரம் தள்ளிப்போடுவது நாட்பட்ட இடுப்பு வலிக்காரர் சிலருக்கு உதவியதை 1998-இல் ஸ்னூக் குழுவினர் கண்டிருக்கிறார்கள். சிகிச்சையாளரும் அதையே சொன்னார்.

வீட்டில் செய்த மாற்றம் சிறிது. தண்ணீரை மாலையில் எடுத்து வைக்கிறார்கள். 20 லீற்றர் கேனுக்குப் பதில் 10 லீற்றர் இரண்டு. அதிகாலை அவசரத்துக்குத் தம்பி போகிறான். முதலில் முணுமுணுத்தான், பிறகு பழகிவிட்டது. மூன்று மாதம் கழித்துத் தாயார் "பரவாயில்ல, பழைய மாதிரிப் புடிக்கிறதில்ல" என்றார். தண்ணீரை மாற்றியதாலா, சிகிச்சையாளர் சொன்ன பயிற்சியாலா, பயம் குறைந்ததாலா, தானாகவே தணிந்ததா என்பதை ஒருவரை வைத்துப் பிரித்துச் சொல்லமுடியாது. கூடை இன்னும் தலையில்தான். 18 கிலோவும் அப்படியே.

மறுபடி செய்தால்

இரத்தம் உறையும் முன் முனைத்தட்டுப் பக்கத்து எலும்பைச் சேலைன் பீச்சிக் கழுவவேண்டும். கடைக்காரரிடம் சொல்லி வைத்தால் வெட்டிய ஒரு மணிநேரத்துக்குள் வால் கிடைக்கும், நாங்கள் கேட்கவேயில்லை. நெம்புகோலைச் சுற்றி 37 பாகை நீர்த்தொட்டி வைப்பது பெரிய செலவல்ல. மீன்தொட்டிச் சூடாக்கி ஒன்று போதும், ஆனால் மின்சாரம் வேண்டும். மின்வெட்டுக் காலத்தில் அது மீண்டும் ஓர் இக்கட்டு. அப்படியானால் அறைவெப்பத்தில் செய்து, வெப்பநிலையை ஒவ்வொரு வாசிப்போடும் எழுதுவதே நேர்மை. முதல் தொடரில் அதைக்கூட எழுதவில்லை.

பதிவுப் புத்தகத்தின் நிரல்களை மாற்றிவிட்டோம். முன்பு முதல் நிரல் "சுமை". இப்போது முதல் நிரலில், துண்டு கடந்த பன்னிரண்டு மணிநேரம் எங்கே, எந்தச் சுமையில், எதில் நனைந்து கிடந்தது என்று எழுதவேண்டும். அதை நிரப்பாமல் நெம்புகோலில் ஏற்றக்கூடாது. இவ்வாண்டு மாணவர் ஒருவர் அந்த நிரலில் "ஃப்ரிட்ஜ்" என்று ஒரே சொல் எழுதிவிட்டுப் போயிருந்தார். திருப்பி அனுப்பினேன்.

வலியுள்ளவரிடம் பேசுவதைப் பற்றி. அடுத்த செயற்றிட்டத்தில், கருவி வரைவதற்கு முன் ஐந்து கொழுந்துப் பெண்களிடம் ஒரு நாளின் கதையைப் படுக்கையிலிருந்து எழுவதில் தொடங்கிக் கேட்டு எழுதவேண்டும் என்று வைத்திருக்கிறோம். "என்ன வேலை செய்யிறீங்க?" என்று தொடங்கக் கூடாது. "விடிஞ்சதும் மொதல்ல என்ன தூக்குவீங்க?" என்று தொடங்கவேண்டும்.